துறைமுகமும் குழந்தையின் நுரையீரலும்: பரம்பரை, சூரிய ஒளி, சமூகம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

திருகோணமலை நகரிலுள்ள பழைய ஆங்கிலேயர் இடுகாட்டிலே சாள்ஸ் ஒஸ்ரின் என்னும் கடற்படைத் தளபதி அடக்கம் செய்யப்பட்டுள்ளார். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பியாகிய இவர், 1852ஆம் ஆண்டிலே பர்மிய யுத்தத்தின்போது ஐராவதி ஆற்றிலே வாந்திபேதியால் இறந்தவர். இலக்கிய மாணவர் சிலர் அக்கல்லறையைத் தேடிச் செல்வதுண்டு. அத்தகைய இடுகாடுகளிலே இறந்தவரின் பெயர், வயது, பதவி, சேவை செய்த கப்பல் ஆகியன கல்லிற் பொறிக்கப்பட்டிருக்கக் காணலாம். அதே காலத்திலே, அதே துறைமுகத்தின் கரையோரக் குடிசைகளில் மூச்சிரைந்து மடிந்த குழந்தைகள் எத்தனைபேர்? அவர்களுக்குக் கல்லும் இல்லை. பெரும்பாலும் ஏடும் இல்லை. பிறப்பு, இறப்புப் பதிவுக்கான சட்டம் இலங்கையிலே 1867இலேதான் இயற்றப்பட்டது. முதலாவது குடிசன மதிப்பீடு 1871இலே நடைபெற்றது. பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றியதோ 1795இல். இடைப்பட்ட முக்காற் நூற்றாண்டிலே அத்துறைமுகத்தில் எண்ணப்பட்ட உடல்கள் ஒருவகையின; எண்ணப்படாத உடல்கள் வேறொருவகையின.

இவ்வேறுபாடு பழங்கதையன்று. நோய்க்குக் காரணம் கூறும் முறையையே அது இன்றுவரை பாதித்து வந்துள்ளது என்பதே இக்கட்டுரையிலே நாம் நிறுவ முயலும் கருத்தாகும். எடுத்துக்கொண்ட நோய், குழந்தைகளைத் தாக்கும் நுரையீரல் அழற்சி. மக்கள் வழக்கில் நியூமோனியாக் காய்ச்சல். நமது நாட்டு மருத்துவ நூல்கள் குழந்தைகளின் இருமல், இரைப்பு, காய்ச்சல், உடல்மெலிவு ஆகியவற்றைக் 'கணம்' என்னும் பெயரின்கீழ்த் தொகுத்து நோக்கின. மூச்சின் நோயையும் உடலின் மெலிவையும் ஒருசேர வைத்து நோக்கிய அப்பார்வையிலே அனுபவத்தின்பாற்பட்ட ஓர் உண்மை உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2019இலே ஐந்து வயதிற்குட்பட்ட 740,180 குழந்தைகள் இந்நோயினால் இறந்தனர். அவ்வயதினரின் மரணங்களிலே இது 14 சதவீதமாகும்.

ஒரே ஒழுங்கையிலே, ஒரே கிருமி பரவும் காலத்திலே, ஒரு குழந்தை சளியோடு தப்புகிறது. அடுத்த வீட்டுக் குழந்தை மூச்சுத் திணறி ஆசுபத்திரிக்குப் போகிறது. ஏன்? இவ்வினாவிற்கு அண்மைக்கால ஆய்வுகள் இரு விடைகளை முன்வைத்துள்ளன. ஒன்று பரம்பரையலகு. மற்றையது, சூரிய ஒளிபட்டுத் தோலிலே உருவாகும் விற்றமின் டி. இவ்விரு விடைகளையும் ஏற்பதோ தள்ளுவதோ நமது நோக்கமன்று. அவை எவ்வாறு பிறந்தன, எவற்றை விளக்குகின்றன, எவற்றை மறைக்கப் பயன்படக்கூடும் என்பதனை வரலாற்று நெறியிலே நோக்குதலே நமது நோக்கமாகும்.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டின் குடியேற்ற மருத்துவம் முதன்மையாகப் படையினரின் மருத்துவமே. துறைமுகத்தையும் கோட்டையையும் காப்பவன் நோயுற்றால் அரசுக்கு நட்டம். ஆகவே அவன் எண்ணப்பட்டான். ஹென்றி மார்ஷல் என்னும் படை மருத்துவரும் அலெக்சாண்டர் ரலொக் என்னும் அதிகாரியும் தொடக்கிவைத்த படையினர் நோய், மரணப் புள்ளிவிவர அறிக்கைகள் 1838ஆம் ஆண்டு முதல் வெளிவந்தன. இலங்கைப் படைகளும் அவ்வறிக்கை வரிசையிலே இடம்பெற்றன. மருத்துவப் புள்ளிவிவரவியலின் வரலாற்றிலே இவை முக்கியமானவை என்பதில் ஐயமில்லை.

இவ்வறிக்கைகள் எழுப்பிய ஒரு பிரச்சினை நமது பொருளோடு நேரடித் தொடர்புடையது. மேற்கிந்தியத் தீவுகளிலே சேவைசெய்த ஆபிரிக்கப் படையினர் காய்ச்சலால் இறந்தது குறைவு; நுரையீரல் நோயால் இறந்ததோ வெள்ளைப் படையினரைவிட அதிகம். இலங்கையிலும் ஆபிரிக்கரைக் கொண்ட படையணிகள் இருந்தன. போர்த்துக்கேயரின் அடிமை வணிகத்தினூடாகக் கொள்ளப்பட்டவர்கள் அவர்களிலே பலர். அவர்களது வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்தும் திருகோணமலையிலும் சிறு சமூகங்களாக வாழ்ந்து வந்துள்ளனர்.

வெள்ளைப் படைவீரனின் மரணம் பேசப்பட்டபோது படைவீட்டின் நெருக்கடி, காற்றோட்டம், உப்பிட்ட இறைச்சி, குடிவகை ஆகியன ஆராயப்பட்டன, சீர்திருத்தங்களும் நிகழ்ந்தன. ஆபிரிக்கனின் நுரையீரல் பேசப்பட்டபோதோ அவனது இனத்தின் 'உடலமைப்பு' என்ற விடை பலருக்கும் போதுமானதாயிற்று. பிறந்த மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டு, விற்கப்பட்டு, முன்பின் அறியாத கிருமிகளின் நடுவே நெருக்கமான கொட்டிலிலே கிடத்தப்பட்டவன் என்பது விளக்கத்தினுள்ளே வரவில்லை. தன்னவனுக்குச் சூழ்நிலை, பிறனுக்கு இயற்கை என்னும் இந்த இருவேறு அளவுகோலே குடியேற்ற அறிவின் உள்ளார்ந்த தர்க்கமாகும்.

பரம்பரை என்னும் கருத்து இவ்வாறு அறிவியலாவதற்கு முன்னரே அரசியற் பணி புரியத் தொடங்கிவிட்டது. மெண்டலின் விதிகள் 1900இலேதான் மீளக் கண்டெடுக்கப்பட்டன என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

3

நிற்க. சூரிய ஒளி பற்றிய கருத்தின் வரலாறு துறைமுகங்களிலன்றித் தொழிற்சாலை நகரங்களிலே தொடங்குகிறது. 1845இலே வெளியான 'இங்கிலாந்தில் உழைக்கும் வர்க்கத்தின் நிலைமை' என்னும் நூலிலே ஏங்கெல்ஸ், எலும்பு மென்மையுற்றுக் கால்கள் வளையும் றிக்கற்ஸ் நோய் தொழிலாளர் குழந்தைகளிடையே பரவியிருந்ததைக் குறித்தார். அழுக்கும் புகையும் நிறைந்த காற்றினால் நுரையீரல் கெடுவதையும் அதே நூலிலே எழுதினார். இரண்டையும் இணைக்கும் உடலியற் காரணம் அன்று எவருக்கும் தெரியாது. ஆனால் இரண்டும் ஒரே வீட்டிலே, ஒரே வர்க்கத்தின் குழந்தைகளிடம் நிகழ்வதை அவர் கண்டார்.

யப்பானிலே மருத்துவப் பணிசெய்து மீண்ட தியோபோல்ட் பாம் என்பவர், 1890இலே நோயின் புவியியற் பரவலை ஒப்பிட்டு, வெயிலின்மையே றிக்கற்சுக்குக் காரணம் என வாதிட்டார். 1919இலே எட்வேட் மெலன்பி நாய்க்குட்டிகளிலே உணவுக் குறைபாட்டால் இந்நோயை உண்டாக்கி, கொட் மீன் எண்ணெயினாற் தடுக்கலாம் எனக் காட்டினார். அதே ஆண்டிலே பேர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, செயற்கை ஊதாக்கடந்த ஒளியினால் நோயுற்ற குழந்தைகளைக் குணப்படுத்தினார். போர் தோற்றுப் பசித்துக்கிடந்த வியன்னாவிலே ஹரியற் சிக் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும், உணவும் ஒளியும் ஆகிய இரு வழிகளும் ஒரே பயனைத் தருவதை உறுதிசெய்தனர். 1922இலே மக்கொலம் இப்பொருளுக்கு விற்றமின் டி எனப் பெயரிட்டார். 1928இலே அடொல்வ் வின்டவுஸ் இத்துறை ஆராய்ச்சியை உள்ளடக்கிய பணிக்காக நோபெல் பரிசு பெற்றார்.

ஆய்வுகூடத்திலே மூலக்கூறாகப் பிரித்தெடுக்கப்பட்ட இப்பொருள், அதற்குமுன் நகரங்களிலே வெயிலின் பங்கீட்டுப் பிரச்சினையாக இருந்தது என்பதனை இவ்வரலாறு புலப்படுத்துகிறது. நிலக்கரிப் புகை வானத்தை மூடியது; வீட்டுரிமையாளரின் இலாபம் ஒழுங்கையை ஒடுக்கியது; வேலைநேரம் தாயைக் குழந்தையிடமிருந்து பிரித்தது. விற்றமின் குறைபாடு இம்மூன்றும் உடலிலே எழுதிய எழுத்து. எண்ணெய் கொடுத்து எலும்பை நிமிர்த்தியது மருத்துவத்தின் மகத்தான வெற்றி. ஆனால் கரண்டி எண்ணெயோடு ஒழுங்கையின் கேள்வி முடிந்துவிட்டதாகக் கருதும் மனப்பான்மையும் அவ்வெற்றியின் கூடவே பிறந்தது.

4

இலங்கையின் அனுபவம் இவ்விடத்தில் ஒப்புநோக்கத் தக்கது. 1934-35இலே நாட்டைத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோய், திருகோணமலை போன்ற வரண்ட பகுதிகளை அன்றி, கேகாலை, குருணாகல் மாவட்டங்களையே மிகக் கடுமையாக வருத்தியது. 1935இலே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 263 குழந்தைகள் ஒரு வயதை எட்டாமல் இறந்தன. நிவாரணப் பணிக்குச் சென்ற சூரியமல் இயக்கத்தினர், டாக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க முதலானோர், நுளம்பின் கடிக்கு முன்னரே பட்டினி அவ்வுடல்களைத் தளர்த்திவிட்டதைக் கண்டனர். மருந்தோடு உணவையும் கொண்டு சென்றனர். அவ்வாண்டின் இறுதியிலே உருவான லங்கா சமசமாஜக் கட்சியின் மக்கள் செல்வாக்கிற்கு இப்பணி ஒரு தளமாயிற்று. நோயின் காரணம் கிருமி. நோய் கொல்லுவதன் காரணம் கிருமி மட்டுமன்று. இப்பாடத்தை இலங்கை இடதுசாரிகள் புத்தகத்திலன்றிக் கிராமத்திலே கற்றனர்.

பின்னர் 1946இலே ஆயிரத்துக்கு 141ஆக இருந்த சிசு மரணவீதம் 1947இலே 101ஆக வீழ்ந்தது. டி.டி.ற்றி தெளித்தமையே இதற்குக் காரணம் என்று ஒரு சாராரும், போர்க்காலம் முதல் வழங்கப்பட்ட பங்கீட்டு அரிசி, விரிவடைந்த மருத்துவமனைகள், குடும்பநல மருத்துவிச்சிகளின் சேவை ஆகியவற்றை மறத்தலாகாது என்று மற்றொரு சாராரும் நெடுங்காலம் விவாதித்தனர். ஒற்றைக் காரணத்தைத் தேடும் ஆவல் எவ்வளவு வலிமையானது என்பதற்கு அவ்விவாதமே சான்று.

5

இவ்வரலாற்றுப் பின்னணியிலே அண்மைக்கால ஆய்வுகளை நோக்குவோம். 1997இலே எதியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவிலிருந்து வெளியான ஆய்வு, நுரையீரல் அழற்சியுற்ற 500 குழந்தைகளையும் அந்நோயற்ற 500 குழந்தைகளையும் ஒப்பிட்டது. முன்னையோரில் 210 பேருக்கு றிக்கற்ஸ் இருந்தது. பின்னையோரில் 20 பேருக்கே இருந்தது. குடும்பத்தின் அளவு, வீட்டு நெருக்கடி, தாய்ப்பாலூட்டல் முதலியவற்றைக் கணக்கிலெடுத்த பின்னரும் ஆபத்து ஏறத்தாழ 13 மடங்கு எனக் காணப்பட்டது. அடிஸ் அபாபா பூமத்தியரேகைக்கு வடக்கே ஒன்பது பாகையில் உள்ளது. திருகோணமலை எட்டரைப் பாகையில் உள்ளது. அந்நகர் குளிர்ந்த மேட்டுநிலம் என்ற வேறுபாடு உண்டெனினும், அங்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. வெயில் வானத்தில் இருப்பது வேறு, குழந்தையின் தோலைச் சேர்வது வேறு.

2004இலே இந்தோர் நகர ஆய்வு, றிக்கற்ஸ் வெளித்தெரியாத குழந்தைகளிலும் குருதியில் விற்றமின் டி குறைதலுக்கும் கடும் சுவாசத் தொற்றுக்கும் தொடர்பிருப்பதைக் காட்டியது. முதல் நான்கு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே ஊட்டப்பெற்ற குழந்தைகள் காக்கப்பட்டமையையும் அதே ஆய்வு காட்டியது. 2006இலே அமெரிக்க ஆய்வாளர், காசக்கிருமியை எதிர்க்கும் வெண்கலங்கள் கதெலிசிடின் என்னும் கிருமிகொல்லிப் புரதத்தை ஆக்குவதற்கு விற்றமின் டி துணைநிற்பதை விளக்கினர். தொடர்பு வெறும் தற்செயலன்று என்பதற்கு இது ஓர் உடலியல் ஆதாரம்.

அவ்வாறாயின் விற்றமினைக் கொடுத்தால் நோய் குறையவேண்டுமன்றோ? காபூல் நகரிலே 3,046 சிசுக்களைக் கொண்டு இது பரிசோதிக்கப்பட்டது. பாதிப்பேருக்கு மூன்று மாதத்துக்கொருமுறை ஓர் இலட்சம் அலகு வீதம் பதினெட்டு மாதங்கள் விற்றமின் டி வழங்கப்பட்டது. 2012இலே வெளியான முடிவு: முதல்முறை நுரையீரல் அழற்சி ஏற்படுவது குறையவில்லை. பல பரிசோதனைகளை ஒன்றுதிரட்டி 2017இலே வெளியான மதிப்பீடு சுவாசத் தொற்றுக்கு எதிராகச் சிறு பாதுகாப்பு உண்டென்றது; மேலும் பல பரிசோதனைகளைச் சேர்த்து 2025இலே வெளியான மதிப்பீட்டில் அச்சிறு பயனும் உறுதிப்படவில்லை. குறைபாடு மிகக் கடுமையாயுள்ள குழந்தைக்கு விற்றமின் கட்டாயம் வேண்டியதே, அது விவாதத்துக்குரியதன்று. ஆனால் எதியோப்பிய மருத்துவமனையிலே கண்ட 13 மடங்கு ஆபத்தை ஒரு துளி மருந்தினால் அழித்துவிட இயலாது. றிக்கற்ஸ் உள்ள குழந்தையிடம் குறைந்திருந்தது விற்றமின் மட்டுமன்று.

பரம்பரையலகு பற்றிய சான்றும் இத்தகையதே. 2008இலே கனடாவின் எட்மன்டன் நகரிலே செய்யப்பட்ட சிறியதோர் ஆய்வு, விற்றமின் டியை உடற்கலங்கள் ஏற்கும் ஏற்பியின் பரம்பரையலகிலே ஒருவகை வேறுபாட்டை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற குழந்தைகளுக்குக் கீழ்ச் சுவாசத் தொற்று ஆபத்து ஏறத்தாழ ஏழு மடங்கு எனக் கண்டது. ஆயின் அதிலே ஆராயப்பட்ட நோயுற்ற குழந்தைகள் 56 பேரே. 2010இலே ஏறத்தாழ 34,000 பேரை ஆராய்ந்த பெரிய ஆய்வு, குருதியின் விற்றமின் டி அளவைப் பாதிக்கும் பரம்பரையலகு இடங்கள் சிலவற்றைக் கண்டறிந்தது. அளவு வேறுபாட்டிலே அவை விளக்கியது சிறுபங்கே. ஆராயப்பட்டோர் அனைவரும் ஐரோப்பிய வழியினர். எண்ணப்படும் உடல், எண்ணப்படாத உடல் என்ற பழைய பிரிவினை புதிய ஆய்வுகூடத்துள்ளும் தொடர்வதை வாசகர் கவனிப்பர்.

நம்மவர் பற்றிய சான்று ஒன்று உண்டு. 2008இலே வெளியான ஆய்வு, நோர்வேயில் வாழும் இலங்கையரையும் (இவர்களிற் பெரும்பாலோர் புலம்பெயர்ந்த தமிழர்) கண்டிப் பகுதியில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்டது. கண்டியில் வாழ்வோரின் சராசரி விற்றமின் டி அளவு லீற்றருக்கு 54 நனோமோல். நோர்வேயில் வாழ்வோரின் அளவு 31 மட்டுமே. ஆராயப்பட்டோர் வளர்ந்தவர், இரு குழுவினரும் ஒரே சமூகத்தவர் என்று கொள்ளவும் இயலாது. எனினும் கடல்கடந்து சென்றபோது பரம்பரையலகு மாறவில்லை என்பது தெளிவு. மாறியது வெயில், உடை, வேலை, வீடு. அவர்களைக் கடல்கடக்கச் செய்ததோ இந்நாட்டின் யுத்தமும் இனவொடுக்குமுறையும். குருதியிலுள்ள ஓர் அளவிலே அரசியல் வரலாறு படிந்துகிடக்கிறது என்று கூறுவது மிகையன்று.

6

இங்கே நம்முடைய முகாமைப் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். பரம்பரை என்றாலே பிற்போக்கு எனக் கருதும் பழக்கம் முற்போக்காளர் சிலரிடம் உண்டு. அப்பழக்கத்தின் விலையை சோவியத் யூனியன் செலுத்தியது. லைசென்கோவின் செல்வாக்கினால் பரம்பரையியல் 1948இலே அங்கு உத்தியோகபூர்வமாகவே ஒதுக்கப்பட்டது. அதற்கு முன்னரே வவிலொவ் என்னும் பேரறிஞர் 1943இலே சிறையில் மாண்டிருந்தார். இயற்கையின் உண்மையைக் கட்சித் தீர்மானத்தால் மாற்ற முனைவது பொருள்முதல்வாதமன்று.

மாறாக ஜே.பி.எஸ். ஹோல்டேனை நாம் நினைவுகூரலாம். மார்க்சியராயும் பரம்பரையியலாளராயும் வாழ்ந்து, 1957இலே இந்தியாவிற் குடியேறி, 1964இலே புவனேசுவரத்தில் மறைந்த அவர், குருதிச்சோகைக்குரிய பரம்பரைக் கூறுகள் மலேரியா மிகுந்த நிலங்களிலே நிலைபெற்றதன் காரணத்தை 1949 அளவில் ஊகித்தார். 1954இலே அலிசன் என்பார் ஆபிரிக்காவிலே அரிவாட் கலக் குருதிச்சோகையை ஆராய்ந்து அவ்வூகத்துக்கு ஆதாரமளித்தார். பரம்பரையலகும் வரலாற்றிலிருந்து வருவதே. நீண்டகால வரலாற்றின் வண்டல் அது. அதனை மறுக்கவேண்டியதில்லை. பரம்பரையும் சூழலும் இரு தனித்தனிக் காரணங்கள் என்ற எண்ணத்தையே மறுக்கவேண்டும். ஏற்பியின் வேறுபாட்டினாற் சிறிது நலிந்த குழந்தை, காற்றோட்டமுள்ள வீட்டிலே அதனை உணராமலே வளர்ந்துவிடும். புகை நிறைந்த கொட்டிலிலே அதே வேறுபாடு உயிரைக் குடிக்கும்.

7

மீண்டும் துறைமுகத்துக்கு வருவோம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்ற புகழ், அதனைச் சூழ வாழ்ந்தவர்களுக்கு நன்மையாக அமைந்தது குறைவு. 1942 ஏப்ரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. 1957இலே கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் அதன்பின்னும் வல்லரசுப் போட்டியின் பொருளாகவே இருந்தன. 2004 டிசம்பரிலே கடற்கோள் வந்தது. 2006இலே சம்பூர், மூதூர் கிழக்கு மக்கள் யுத்தத்தினாற் பெயர்க்கப்பட்டனர். அவர்களது நிலம் பொருளாதார வலயத்துக்கும் நிலக்கரி மின்நிலையத் திட்டத்துக்கும் ஒதுக்கப்பட்டது. 2015இலே காணி விடுவிப்புத் தொடங்கும்வரை, சம்பூர்க் குடும்பங்கள் பல கிளிவெட்டி முதலிய இடைத்தங்கல் முகாம்களிலே தகரக் கூரையின்கீழ் வாழ்ந்தன. மின்நிலையத் திட்டம் 2016இலே கைவிடப்பட்டது. இத்தகைய ஒன்பதாண்டுகளிலே பிறந்து வளர்ந்த ஒரு குழந்தையின் நுரையீரலை எந்த ஏற்பியின் பெயரால் மட்டும் விளக்குவது?

வெயில் தாராளமாகக் காயும் இம்மாவட்டத்திலே குழந்தைக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பது மறைபொருளன்று. விறகடுப்பின் புகை குழந்தையின் நுரையீரல் அழற்சி ஆபத்தை ஏறத்தாழ இருமடங்காக்குகிறது என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது சமையல் வாயு கிடையாமையால், விறகை விட்டிருந்த குடும்பங்களும் விறகுக்கு மீண்டன. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையிலே ஐந்து வயதிற்குட்பட்ட நூறு குழந்தைகளில் 15 பேர் உயரத்துக்கேற்ற நிறையற்றோர். 21 பேர் வயதுக்கேற்ற நிறையற்றோர். இது நெருக்கடிக்கு முந்திய கணக்கு.

ஆக்கபூர்வமான பக்கமும் உண்டு. அதே ஆய்வின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுக்களில் 82 சதவீதமானோர் தாய்ப்பால் மட்டுமே அருந்தினர். நுரையீரல் அழற்சிக்குக் காரணமான ஹிப் கிருமிக்கெதிரான தடுப்பூசி 2008இலே அரச திட்டத்திற் சேர்ந்தது. 1935இலே 263ஆக இருந்த சிசு மரணவீதம் 2016இலே 10ஆகக் குறைந்தது. இக்காலத்திலே மக்களின் பரம்பரையலகு மாறிவிடவில்லை. இலவச மருத்துவம், கல்வி, உணவு மானியம், தடுப்பூசி, மருத்துவிச்சியின் கால்நடை ஆகியவை மாற்றின. அவற்றைப் பெற்றுத்தந்தது மக்களின் கோரிக்கை. அவற்றுள் ஒன்றைச் சுருக்கும்போதெல்லாம், எண் மீண்டும் மேலேறும் ஆபத்து உண்டு.

எனவே நாம் வேண்டுவது பரம்பரையியலும் விற்றமின் ஆய்வும் நிறுத்தப்படுதலன்று. அவை நம் குழந்தைகளையும் உள்ளடக்குதலே. மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் வாழும் குழந்தைகளின் குருதியளவை அறிவோர், அதே படிவத்திலே அடுப்பு எங்குள்ளது, கூரை எதனாலானது, தாயின் வேலைநேரம் யாது, குடும்பம் எத்தனை தடவை இடம்பெயர்ந்தது என்பனவற்றையும் எழுதுவார்களாயின், அந்த ஆய்வு இத்துறைமுகத்தின் முதலாவது நேர்மையான மருத்துவ வரலாறாக அமையும். தளபதிகளின் கல்லறைகளை நாம் பேணிவருகிறோம், பேணுவதிலே தவறில்லை. எண்ணப்படாது போன குழந்தைகளுக்கு நாம் செய்யக்கூடியது, இனிப் பிறப்போரை எண்ணத் தொடங்குவதும், எண்ணியபின் அவர்கள் வாழும் வீட்டை மாற்றுவதுமேயாகும்.